பல்வலிக்கு முதல் ஒரு மணி நேரம்



சென்ற இதழில் நம் செவிலியர் பயிற்சிப் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டிருந்தோம். அதில் வாய்க்கண்ணாடி, டார்ச் விளக்கு, தாடையெலும்பு மாதிரி ஆகிய மூன்றும் இருந்தன. அதைப் படித்துவிட்டு, நெடுங்காலமாக இந்த ஊழியத்தைத் தாங்கி வரும் நண்பர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். "நர்சுப் பிள்ளைகளுக்குத் தாடையெலும்பு எதற்கு? பல் ஆஸ்பத்திரி தொடங்கப் போகிறீர்களா?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. காசு கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

பல் ஆஸ்பத்திரி தொடங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நம்மிடம் பல் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். பல்வலியோ ஏழு நாளும் வருகிறது. பெரும்பாலும் இரவில், கடைசி பஸ்ஸும் போன பிறகு வருகிறது. அந்த நேரத்தில் நோயாளியின் எதிரே இருப்பவர் ஒரு செவிலியரோ, பயிற்சிக்கு வந்திருக்கும் மருத்துவ மாணவரோதான். அவர் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துப் பல காரியங்கள் அமைந்துவிடுகின்றன. இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் சுலபமானதல்ல. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒரு சூளைக்காரப் பெரியவர்

2016ஆம் ஆண்டு மழைக்காலம். செங்கல் சூளையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கீழ்க்கடைவாய்ப் பல்லில் வலி என்று நம் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். அன்று கூட்டம் அதிகம். அவருடைய சீட்டில் "பல்வலி" என்ற ஒரே வார்த்தை எழுதப்பட்டது. மூன்று நாளைக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினோம். வாயைத் திறக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. பல் மருத்துவர் எந்த நாளில் வருவார் என்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று எண்ணி அவர் சூளைக்குத் திரும்பினார். எட்டாம் நாள் இரவு அவருடைய மகன் அவரை மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்து, பின்னாலிருந்து மருமகன் தாங்கிப் பிடிக்க, கொண்டுவந்து சேர்த்தான். தாடைக்குக் கீழே கழுத்து இரு பக்கமும் மரக்கட்டைபோல வீங்கியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தார். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

பல்லிலிருந்து கிளம்பிய சீழ் நாக்கின் அடித்தளத்திலும் கழுத்திலும் பரவி மூச்சுப்பாதையை நெரிக்கும் இந்த நோயை, 1836இல் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். லுட்விக் ஆஞ்சைனா என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களிலிருந்து தொடங்கும். மருந்து எட்டாத காலத்தில் இது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

அன்றிரவு நம் அறுவை மருத்துவர் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தினார். சீழை வெளியேற்றினார்கள். பல்லும் எடுக்கப்பட்டது. பெரியவர் பதினோரு நாள் படுக்கையில் இருந்தார். குழாய் இருந்த நாட்களில் அவரால் பேச முடியாது. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழாயை எடுத்த பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒரு பல்லுக்கா ஐயரே இவ்வளவு?"

அந்தச் சீட்டை எழுதிய மாணவி இரண்டு நாள் கழித்து ஆலய வாசலில் எங்களைச் சந்தித்தாள். அழுதுகொண்டே, "நான் என்ன பார்த்திருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே, ஐயா" என்றாள். நாங்கள் அவளைத் தேற்றத்தான் வாய் திறந்தோம். ஆனால் அவள் சொன்னது உண்மை என்று பட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டோம். குற்றம் அந்தப் பிள்ளையுடையது அல்ல. இருதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றுக்கும் பாடம் வைத்த நாங்கள், வாயை மட்டும் பல் மருத்துவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

மறு ஆண்டு, 2017இல், வாரம் இரண்டு நாள் வரும் பல் மருத்துவரும், நர்சுப் பள்ளியின் ஆசிரியைகளும், மருத்துவர்களும் கூடி ஒரு சிறு பாடத்தை வகுத்தார்கள். நான்கு நாள் பாடம். அதில் ஒரு மணி நேரம் போதகராகிய எங்களுக்கும் ஒதுக்கினார்கள்.

அந்த வலி ஏன் அவ்வளவு கொடியது?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியையும் அதோடு சேர்த்திருக்கலாம். முதல் நாள் பாடம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பல்லின் மேலே எனாமல் என்ற கடினமான ஓடு. அதற்குள் டென்டின் என்ற பகுதி. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், பற்கூழ் என்ற மென்மையான சதை. இரத்தக் குழாயும் நரம்பும் அதில்தான் இருக்கின்றன. உடம்பில் வேறெங்கே அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்கி இடம் பிடித்துக்கொள்ளும். பற்கூழுக்கு வீங்க இடமில்லை; சுற்றிலும் சுவர். மூடிபோட்டு இறுக்கிய பானையில் உலை கொதிப்பதுபோல உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் அழுத்தமும் கூடும். பகலில் பொறுத்துக்கொண்ட பல் இரவில் ஆளை எழுப்பி உட்கார வைப்பது இதனால்தான்.

இந்த வலி படிப்படியாக நடக்கிறது. சொத்தை டென்டின்வரை வந்ததும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று வலித்து உடனே நின்றுவிடும். இந்த நிலையில் பல்லை அடைத்தால் பற்கூழ் பிழைத்துக்கொள்ளும். அடுத்த நிலையில் சூடான காப்பி பட்டாலும் வலிக்கும், வலி பல நிமிடம் நிற்கும், தூக்கத்தில் எழுப்பும். இப்போது பற்கூழைக் காப்பாற்றுவது கடினம். வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

மூன்றாவது நிலைதான் ஏமாற்றுவது. பற்கூழ் செத்துப்போகிறது, வலி நின்றுவிடுகிறது. நோயாளி சாமிக்கு நேர்ந்துகொண்டதாலோ மாத்திரையாலோ குணமாயிற்று என்று நினைக்கிறார். ஆனால் செத்த பற்கூழிலிருந்து கிருமிகள் வேரின் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. சில நாளிலோ சில மாதத்திலோ அங்கே சீழ் கட்டும். அப்போது கடித்தால் வலிக்கும், தட்டினால் வலிக்கும், கன்னம் வீங்கும். சூளைக்காரப் பெரியவருக்கு மூன்றாம் நாள் வலி நின்றபோது நடந்தது இதுதான்.

எனவே மாணவர்கள் முதல் நாளிலேயே மனதில் பதிக்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. மாத்திரை நேரம் வாங்கித் தரும், பல்லைக் குணமாக்காது. வாங்கிய நேரத்தை என்ன செய்கிறோம் என்பதே பாடத்தின் மீதி.

கேட்பதும் பார்ப்பதும்

வெளிநோயாளர் மேஜையில் இப்போது ஒரு சிறு அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம்? எத்தனை நாளாக? குளிர்ச்சி, சூடு பட்டால் எவ்வளவு நேரம் நிற்கிறது? இரவில் எழுப்புகிறதா? இதுவரை என்ன சாப்பிட்டீர்கள், என்ன வைத்தீர்கள்? ஐந்து கேள்விகள்தான்.

வலி எவ்வளவு என்று கேட்பதற்கும் முறை உண்டு. புத்தகத்தில் பூஜ்யம் முதல் பத்துவரை எண் கேட்கச் சொல்லியிருக்கிறது. நம் மலைக்கிராமத்துப் பாட்டியிடம் அப்படிக் கேட்டால், "பத்து ரூபாயா?" என்று திருப்பிக் கேட்பார். எனவே முழுசா, முக்காலா, அரையா, காலா என்று கேட்கப் பழக்குகிறோம். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். முக்கால் அரையாக இறங்கியதா என்று எழுத வேண்டும். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று போய்விடக் கூடாது.

பிறகு பார்ப்பது. கையுறை, டார்ச் விளக்கு, வாய்க்கண்ணாடி. இந்த மூன்றும் இருந்தால் போதும். முதலில் மாணவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கிறார்கள். அன்று வகுப்பில் ஒரே சிரிப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறர் வாயைப் பார்க்க வந்த பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் வாயிலேயே சொத்தை இருப்பது அன்றுதான் தெரியவரும்.

சொத்தை எங்கே, ஈறு சிவந்திருக்கிறதா, கண்ணாடியின் காம்பால் மெல்லத் தட்டினால் எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடியைப் பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் அளக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தம் விரல்களில் மூன்று நுழையும் அளவு திறப்பது வழக்கம். ஒரு விரலே நுழைகிறது என்றால் உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது.

வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, எச்சில் வழிதல், குரல் மாற்றம், கழுத்து வீக்கம், கண்ணை மூடும்படி கன்னம் வீங்குதல், குளிர்காய்ச்சல், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் டியூட்டி மருத்துவரை உடனே எழுப்ப வேண்டும். காலைவரை காத்திருக்கக் கூடாது. நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே கொண்டுபோக வேண்டும். இந்தப் பட்டியலை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லாமல் நான்காம் நாள் தேர்வில் யாரையும் தேர்ச்சி பெறவிடுவதில்லை.

பல்வலி என்று வருவதெல்லாம் பல்வலி அல்ல என்பதையும் கற்பிக்கிறோம். குனிந்தால் மேல்பற்கள் நான்கைந்தும் சேர்ந்து வலித்தால் அது சைனஸ் தொல்லையாக இருக்கலாம். முகம் கழுவும்போதோ காற்றுப் பட்டாலோ மின்சாரம் பாய்ந்ததுபோலச் சில நொடி வலித்து மறைந்தால் அது முகநரம்பு வலி. அப்படிப்பட்டவர்கள் நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, வலி போகாமல் திரும்பி வருவதுண்டு. நடந்தால் வந்து, உட்கார்ந்தால் குறையும் கீழ்த்தாடை வலி இருதயத்திலிருந்தும் வரலாம்.

தணிப்பது

பெரியவர்களுக்குச் சாதாரணப் பல்வலியில் ஐபுப்ரொஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமாலும் சேர்ந்து நல்ல பலன் தருகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அபின் வகை மருந்துகளுக்கு முன்பாக இவ்வகை மாத்திரைகளையே முதலில் வைக்கிறது. ஆயினும் மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட உத்தரவின்படியே மாணவர்கள் கொடுக்க வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி ஆகியோர் யாரென்று கேட்டறியாமல் ஐபுப்ரொஃபென் கொடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே.

இன்னொன்று, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கொடுக்கும் பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டவருக்கு நாமும் பாராசிட்டமால் கொடுத்தால் அளவு மீறிப்போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. குடிப்பழக்கமும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு.

நம் ஜனங்கள் கேட்பது பெரும்பாலும் ஊசியும், கிருமி மருந்தும். "நாலு கேப்சூல் குடுங்க சிஸ்டர், போதும்" என்பார்கள். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பற்கூழ் வலிக்குக் கிருமி மருந்து பயன்படாது. 2019இல் அதே சங்கம் இதையும் தெளிவாக எழுதியிருக்கிறது. மருந்து மூடிய பல்லுக்குள் போய்ச் சேருவதில்லை. மருந்தைக் கேட்டு வாங்கிய திருப்தியில் நோயாளி பல் மருத்துவரிடம் போகாமலிருப்பதே மிச்சம்.

வீட்டு வைத்தியத்தை நாங்கள் கேலி செய்ய விடுவதில்லை. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் உண்மையாகவே வலியைத் தணிக்கும். துத்தநாக ஆக்சைடோடு அதைக் கலந்து தற்காலிகமாகப் பல்லை அடைப்பது பல் மருத்துவர்களின் பழைய முறை. ஆனால் கிராம்பு எண்ணெயை ஈறு முழுதும் பூசினால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லருகே அடக்கிக்கொண்டால் சதை வெந்து வெளுக்கும். எருக்கம்பால் வைத்தாலும் அப்படியே. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்பார்கள். பல்லில் பூச்சி இல்லை, விழுவதற்கு. எல்லாவற்றிலும் கேடானது புகையிலை. பல்வலிக்கென்று ஒரு துண்டு அடக்கத் தொடங்கி, வலி போன பின்னும் விடமுடியாமல், வாய்ப்புற்றோடு நம் வார்டுக்கு வந்த தாய்மார்களை நாங்கள் அறிவோம்.

கண்ணும் பல்லும்

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்ற பயம் நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. முதல் ஆண்டு வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, மாணவிகளில் பாதிப்பேருக்கு மேல் அதை நம்புவதாகக் கை தூக்கினார்கள்! தாங்களே நம்பும் காரியத்தை எப்படி நோயாளிக்கு மறுத்துச் சொல்வார்கள்?

தாடையெலும்பு மாதிரியும் மண்டையோடும் உதவுவது இங்கேதான். பல்லுக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு. அது முகத்தில் மூன்று கிளையாகப் பிரிகிறது. மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று, நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் ஒன்று. இவை தொடுவதையும் வலியையும் அறிவிப்பவை. பார்வைக்கான நரம்பு இரண்டாவது நரம்பு. அது வேறு வழியாய் மண்டைக்குள் போகிறது. மாணவிகள் மண்டையோட்டின் துளைகளில் வண்ண நூலைக் கோத்துப் பார்க்கிறார்கள். சிவப்பு நூல் பல்லுக்கு. நீல நூல் கண்ணுக்கு. இரண்டும் வேறு துளைகளில் போவதைத் தங்கள் கையாலேயே கண்ட பிறகு அந்தப் பயம் நிற்பதில்லை. மேல்பல்லில் வந்த சீழை அப்படியே விட்டால்தான் கண்ணுக்கு ஆபத்து என்பதையும் அப்போது சொல்லிக்கொடுக்கிறோம்.

மரத்துப்போகும் ஊசி

வலியில்லாத அறுவை சிகிச்சை என்ற நன்மையே பல் வைத்தியர்கள் வழியாய்த்தான் உலகத்துக்கு வந்தது. 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம்முடைய பல்லையே எடுக்கவைத்துப் பார்த்தார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற இன்னொரு பல் மருத்துவர், ஈதர் கொடுத்து ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்த, அறுவை மருத்துவர் அவருடைய கழுத்துக் கட்டியை எடுத்தார். தாடை நரம்பை ஊசியால் மரக்கச் செய்யலாம் என்பதை 1884இல் வில்லியம் ஹால்ஸ்டெட் கொக்கேய்னைக் கொண்டு கண்டார். அந்த மருந்துக்கே அடிமையாகித் துன்பப்பட்டார். இன்று நாம் பயன்படுத்தும் லிக்னோகேய்னை 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். பல் வைத்தியம் மருத்துவ உலகத்துக்கு இவ்வளவு கொடுத்திருக்க, மருத்துவப் படிப்பில் பல்லுக்கு ஒதுக்கும் நேரம் மிகச் சிறிது.

கிராமப் பயிற்சிக்கு நம்மிடம் வரும் மருத்துவ மாணவர்களுக்குப் பல் மருத்துவர் கீழ்த்தாடை நரம்பு ஊசியைக் கற்பிக்கிறார். முதலில் சாத்துக்குடிப் பழத்தில் குத்திக் கைப்பழக்கம். பிறகு மாதிரித் தாடையில் நரம்பு நுழையும் துளையைக் கண்டுபிடிப்பது. பிறகே, பல் மருத்துவர் பக்கத்தில் நிற்க, நோயாளியிடம். ஊசி முனை இரத்தக் குழாயில் இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேற்படாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரமாகச் செலுத்துவதே ஊசியின் வலியில் பெரும்பங்கு.

நர்சு மாணவிகள் ஊசி போடுவதில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறார்கள். 2 சதவீத மருந்து என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம், 1.8 மில்லிலிட்டர் குப்பியில் 36 மில்லிகிராம். நோயாளியின் எடைக்கு எத்தனை குப்பிவரை போகலாம் என்று சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை சூடாகக் குடிக்காதீர்கள், குழந்தை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்ப வேண்டும்.

பல் பிடுங்க நாங்கள் கற்றுக்கொடுப்பதில்லை. அது பதிவு பெற்ற பல் மருத்துவரின் வேலை. பிடுங்கிய பிறகு பார்த்துக்கொள்வதைக் கற்பிக்கிறோம். பஞ்சை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் முழுதும் கொப்பளிக்கவோ துப்பிக்கொண்டிருக்கவோ கூடாது. உறைந்த இரத்தம்தான் அந்தக் குழிக்கு மூடி. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர். இரண்டு முதல் நான்கு நாளில் வலி குறைவதற்குப் பதிலாக அதிகமானால், மூடி கழன்று எலும்பு தெரிகிறது என்று பொருள். திரும்பி வரச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஒரு மணி நேரம்

எங்கள் பங்கு சிறியது. "வலிக்காது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதுதான் நாங்கள் முதலில் சொல்வது. குழந்தையிடம் வலிக்காது என்று சொல்லி ஊசி போட்டால், அந்தக் குழந்தை ஊசியை மன்னித்துவிடும்; பொய்யை மன்னிக்காது. ஆயுள் முழுதும் வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஓடும். "எறும்பு கடித்தமாதிரி இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும். பொறுக்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்கு, உடனே நிறுத்துகிறேன்" என்று சொல்ல வேண்டும். கை தூக்கினால் உண்மையாகவே நிறுத்தவும் வேண்டும். நிறுத்துவார்கள் என்று தெரிந்தாலே பலர் கையைத் தூக்குவதில்லை.

இரண்டாவது, வலி என்று சொல்கிறவரை நம்புவது. பல்வலி வெளியே தெரியாது. காயமில்லை, கட்டில்லை. "ஒரு பல்லுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாயா?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். அவளுக்கு முதல் மருந்து, எதிரே இருப்பவர் அவளைப் பார்த்து உட்கார்ந்து கேட்பது. நீதிமொழிகளில் உடைந்த பல் ஓர் உவமையாகவே வருகிறது. ஆபத்து நாளில் நம்பினவர் கைவிடுவதற்கு அது உவமை. அதை எழுதியவருக்கும் பல்வலி தெரிந்திருக்க வேண்டும் என்று மாணவிகளிடம் சொல்வோம்.

விளைந்ததும் விளையாததும்

நம்மிடம் படித்துப் போய், இப்போது மலைமேல் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் பெண் 2021இல் எங்களுக்கு ஒரு செய்தி சொன்னாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இடது கீழ்த்தாடையில் வலி, கிராம்பு எண்ணெய் இருந்தால் கொடுங்கள் என்று வந்தார். அவள் அட்டையிலிருந்த கேள்விகளைக் கேட்டாள். வாய்க்கண்ணாடியால் தட்டிப் பார்த்தாள். ஒரு பல்லும் வலிக்கவில்லை. மேடு ஏறும்போது வலி வருகிறது என்றார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அவள் உடனே மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, அவர் சொன்னபடி ஆஸ்பிரின் மெல்லக் கொடுத்து, 108 வண்டியை வரவழைத்தாள். மாரடைப்பு. அவர் பிழைத்தார்.

நல்ல கதையை மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. வலியைத் தணித்தோம், ஆனால் அதனாலேயே திரும்பி வராமற்போனவர்களும் உண்டு. பல் மருத்துவரிடம் போக வேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. வலி இல்லாதபோது யார் போவார்? அப்படிப் போகாமலிருந்து, ஏழெட்டு மாதம் கழித்துச் சீழ்க்கட்டியோடு வந்த ஒரு பெண்ணிடம் நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்திரையைச் சரியாகக் கொடுத்தோம், தேதியைக் கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் பாடத்தில் ஒரு விதியைச் சேர்த்தோம். பல் மருத்துவர் வரும் நாளைச் சீட்டில் எழுதி, நோயாளியின் வாயாலேயே அதைத் திரும்பச் சொல்ல வைக்காமல், எந்தப் பல்வலி மாத்திரையும் கொடுக்கக் கூடாது. வராதவரின் வீட்டுக்கு, அந்தப் பக்கம் கிராமப் பணிக்குப் போகும் மாணவிகள் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். எல்லாரும் வந்துவிடுவதில்லை. முன்பைவிட அதிகம்பேர் வருகிறார்கள்.

உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய் நோய் ஏதோ ஒன்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அவர்கள் எல்லாருக்கும் பக்கத்தில் பல் மருத்துவர் இருக்கப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு செவிலியர் இருக்கக்கூடும். அவர் கையில் ஒரு கண்ணாடியும், மனதில் ஐந்து கேள்விகளும் இருந்தால் போதும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறோம்.

கடிதம் எழுதிய நண்பரே, தாடையெலும்பு இதற்குத்தான். நீங்கள் எல்லாரும் அனுப்பியதைக் கொண்டு வாங்கிய வாய்க்கண்ணாடிகள் வந்து சேர்ந்துவிட்டன. முதல் வகுப்பில் பிள்ளைகள் அவற்றை வரிசையாக மேஜைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது நாங்களும் அங்கே இருந்தோம்.

சூளைக்காரப் பெரியவர் இன்னும் வருகிறார். இப்போது கண்ணுக்கு மருந்து வாங்க. கழுத்தில் தழும்பு தெரியும். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் ஏனென்று கேட்டால், சட்டைக் காலரை விலக்கிக் காட்டி அவரே சொல்லிவிடுகிறார். எங்கள் நான்கு நாள் பாடத்தை அவர் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறார்.



மருத்துவமனைப் போதகர்